மாதிரி பெருகினால் பிழை நீங்குமா?

பயிர் விளைச்சலைக் கணக்கிட நாட்டின் வயல்கள் அனைத்தையும் அறுத்து எடை போடுதல் இயலாது. முற்காலத்தில் கிராம அதிகாரிகள் பயிரைக் கண்ணால் நோக்கி, ரூபாய்க்கு இத்தனை அணா விளைச்சல் என மதிப்பிட்டு வந்தனர். இம்மதிப்பு ஆளுக்கு ஆள் மாறுவது இயல்பு. இக்குறையை நீக்க, விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலில் பணியாற்றிய பி. வி. சுகாத்மே 1940-களில் பயிர் அறுவடைச் சோதனை முறையை வளர்த்தார். அக்கவுன்சிலின் புள்ளியியல் பிரிவு 1959-ல் தனி நிறுவனமாகி, புது டில்லியின் பூசா வளாகத்தில் இன்றும் இயங்கி வருகிறது.

இம்முறையில் சில வயல்கள் மட்டும் மாதிரியாக எடுக்கப்படுகின்றன. அவை 'சமவாய்ப்பு' முறையில் தேர்ந்தெடுக்கப்படும். அதாவது, ஊழியரின் விருப்பத்திற்கு இடமின்றி, எண் அட்டவணையே வயலைக் காட்டும். வயலுக்குள் சோதனைத் துண்டு அமையும் இடமும் அவ்வாறே. பல பயிர்களுக்கு இத்துண்டு 5 மீட்டர் பக்கமுள்ள சதுரமாகும்.

இங்கு இருவகைப் பிழைகளைப் பிரித்தறிதல் வேண்டும். வயலுக்கு வயல் விளைச்சல் வேறுபடுவதால் மாதிரியின் சராசரி சற்றுக் கூடியோ குறைந்தோ வருவது 'மாதிரிப் பிழை'. மாதிரியை நான்கு மடங்காக்கினால் இப்பிழை ஏறக்குறைய பாதியாகும். எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுவது 'சார்புப் பிழை'. குறைந்த எடைக்கல்லைக் கொண்டு நூறு முறை நிறுத்தாலும் சரியான எடை கிடைக்காததைப் போல, மாதிரியைப் பெருக்குவதால் இப்பிழை குறைவதில்லை.

மிகச் சிறிய துண்டுகள் விளைச்சலை மிகைப்படுத்துகின்றன என்று சுகாத்மே 1946-ல் 'நேச்சர்' இதழில் எடுத்துரைத்தார். எல்லையை ஒட்டி நிற்கும் பயிரையும் சேர்த்து அறுப்பது இதற்கு ஒரு காரணம். 1 மீட்டர் சதுரத்தில் நாற்புறமும் 2 சென்டிமீட்டர் மிகுதியாக அறுத்தால் பரப்பு 8 சதவீதத்திற்கு மேல் கூடும். 5 மீட்டர் சதுரத்தில் அதே தவறு 1.6 சதவீதமே. ஆசிரியர்கள் இதனைக் கட்டத்தாளில் வரைந்து மாணவர்க்கு விளக்கலாம்.

2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் இழப்பை அளக்க இச்சோதனைகள் பயன்படுகின்றன. விளைச்சல் மிகையாகப் பதிவானால் இழப்பு குறைவாகத் தோன்றும். விவசாயிக்கு உரிய தொகை கிட்டாது. ஆகவே, எண் காட்டிய வயலில் பயிர் கருகியிருப்பினும், அதனை விடுத்துச் செழித்த வயலுக்குச் செல்லலாகாது. கயிற்றை இறுகக் கட்டி, வேர்ப்பகுதி உட்புறம் அமைந்த பயிரை மட்டுமே அறுத்தல் வேண்டும். களத்தில் நேர்ந்த சார்புப் பிழையைப் பின்னர் அலுவலகத்தில் கூட்டிக் கழித்துப் போக்குதல் அரிது.