மின்கம்பிகளுக்கு ஒரு வரைபடம்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் வருகிற ஊர் புதுவாயல். ஒரு பக்கம் நெல்வயலும் பம்புசெட்டும்; சற்றுத் தொலைவில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் எஃகு உருட்டாலைகள். குடிசையில் எரியும் ஒற்றை விளக்குக்கும், இரும்பை உருக்கும் உலைக்கும் மின்சாரம் கம்பிகளின் வழியேதான் வந்தாக வேண்டும். இந்தக் கம்பிகள் எங்கிருந்து எங்கே போகின்றன? எந்த வீட்டுக்கு எந்த மின்மாற்றி? பல ஆண்டுகள் இதற்கெல்லாம் விடை, காகிதப் படங்களிலும் அனுபவமுள்ள கம்பியாளரின் நினைவிலும்தான் இருந்தது. இன்று அதைக் கணிப்பொறியில் ஏற்றி வைக்கிறார்கள். அதன் பெயர் புவியியல் தகவல் அமைப்பு.

படமும் அட்டவணையும்

1960-களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் என்பவர் நில வளங்களைக் கணக்கெடுக்க இம்முறையை உருவாக்கினார். இதில் ஒவ்வொரு மின்கம்பமும் ஒரு புள்ளி; ஒவ்வொரு மின்தடமும் ஒரு கோடு. கம்பம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் துணையால் இடம் காட்டும் கருவி சொல்லிவிடும். புள்ளியைத் தொட்டால் மின்மாற்றியின் திறன், அதில் இணைந்த வீடுகளின் எண்கள் எல்லாம் திரையில் வரும்.

ஆனால் படம் மட்டும் போதாது. எது எதனோடு இணைந்திருக்கிறது என்பதும் வேண்டும். இரண்டு கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகலாம். அதனால் அவை இணைந்தவை ஆகிவிடுமா? இணைப்பைப் பற்றிய இந்தக் கணிதத்துக்கு வித்திட்டவர் ஆய்லர். 1736-ல் கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி ஆராய்ந்தபோது அவர் தூரத்தை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் பார்த்தார்.

பழுதைத் தேடுதல்

பகிர்மான அமைப்பு பெரும்பாலும் ஒரு மரத்தைப் போன்றது. துணை மின்நிலையம் வேர்; வீடுகள் இலைகள். ஒரு மாலையில் மூன்று வீடுகளிலிருந்து மின்சாரம் இல்லை என்று செய்தி வருகிறது. மூன்றிலிருந்தும் வேரை நோக்கி நடந்தால் மூன்று வழிகளும் ஓரிடத்தில் சேரும். அந்த இடத்தில் உள்ள மின்மாற்றியோ உருகு இழையோ பழுதாகியிருக்கலாம். பக்கத்துக் கிளையில் விளக்கு எரிகிறது என்றால் ஐயம் இன்னும் குறைகிறது. கணிப்பொறி இதை நொடியில் செய்யும். கம்பியாளர் இருட்டில் கம்பம் கம்பமாகத் தேட வேண்டியதில்லை.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய வேளையில் எந்தக் கம்பத்தை முதலில் நட்டால் மருத்துவமனைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் மின்சாரம் போகும் என்பதைச் சொல்ல வரைபடம் வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு மின்மாற்றியிலிருந்து 500 மீட்டர் தொலைவில் ஒரு தெரு இருப்பதாகக் கொள்வோம். கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 1.4 ஓம், ஆகவே 500 மீட்டருக்கு 0.7 ஓம். மூன்று கட்டக் கம்பிகளிலும் சமமாக 40 ஆம்பியர் செல்கிறது. ஓம் விதிப்படி அழுத்த இழப்பு 40 × 0.7 = 28 வோல்ட். 240 வோல்ட்டுடன் கிளம்பியது 212 ஆகிவிடும். விளக்கு மங்கும், மோட்டார் திணறும். கம்பியில் வெப்பமாக வீணாவது 3 × 40 × 40 × 0.7 = 3,360 வாட்.

மின்மாற்றியை 250 மீட்டர் நெருக்கமாக நகர்த்தினால் இரண்டு இழப்பும் பாதியாகும். அதற்காக நீளும் 11,000 வோல்ட் கம்பியில் மின்னோட்டம் ஏறத்தாழ 26 மடங்கு குறைவு. ஆகவே அங்கே இழப்பு அற்பமே. தூரம் தெரிந்தால்தான் இக்கணக்கைப் போட முடியும். தூரத்தைத் தருவது வரைபடம்.

மின்மாற்றியின் மீட்டர் காட்டும் அளவிலிருந்து அதன் வீடுகளின் மீட்டர் அளவுகளைக் கழித்தால், வழியில் தொலைந்தது தெரியும். கம்பியின் இழப்பைவிட அது மிக அதிகமானால், அங்கே மின்திருட்டோ கெட்ட மீட்டரோ இருக்கலாம். 2008-ல் மத்திய அரசு தொடங்கிய மின் சீர்திருத்தத் திட்டம், 30,000-க்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் இத்தகைய வரைபடத்தையும் நுகர்வோர் பட்டியலையும் உருவாக்கச் செய்தது இதற்காகவே.

படம் பொய் சொன்னால்?

நேற்று ஒரு வீட்டை வேறு மின்மாற்றிக்கு மாற்றினார்கள், படத்தில் மாற்றவில்லை. இன்று படத்தை நம்பி ஒரு இணைப்பானைத் திறந்துவிட்டுக் கம்பியாளர் கம்பம் ஏறினால்? உயிர் போகும். இன்னொன்று: மின்மாற்றி இருபுறமும் வேலை செய்யும். மின்தடையின்போது ஒரு வீட்டில் ஜெனரேட்டரை மாற்று இணைப்பான் இல்லாமல் ஓட்டினால், அந்த 240 வோல்ட் மின்மாற்றியில் பின்னோக்கிப் புகுந்து, மறுபுறம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழும். இது எந்தப் படத்திலும் இராது. ஆகவேதான் கம்பியைச் சோதித்து, நிலத்தோடு இணைத்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது விதி.

மாணவர்களே, உங்கள் தெருவின் மின்மாற்றியிலிருந்து உங்கள் வீடு வரை கம்பங்களை எண்ணி, ஒரு தாளில் மரம்போல் வரைந்து பாருங்கள். தரையில் நின்றபடியே வரையுங்கள். கம்பத்தையோ தாங்கு கம்பியையோ தொடாதீர்கள். பிறகு உங்கள் வீட்டுக்கும் நண்பன் வீட்டுக்கும் பொதுவான கம்பம் எது என்று பாருங்கள். விளக்கு அணையும் அடுத்த முறை, பழுது எங்கே இருக்கலாம் என்பதை நீங்களே ஊகிப்பீர்கள்.