பூங்காவின் வெற்றியை யாரிடம் கேட்பது?

புதிய பூங்காவின் திறப்பு விழாவில் கூட்டம் திரள்வது இயல்பே. அதைக் கொண்டு வெற்றி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை போய்ப் பாருங்கள். அங்கே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

நியூயோர்க்கின் சிறு திறந்தவெளிகளை ஆராய்ந்த வில்லியம் வைட், 1980இல் வெளியிட்ட நூலில் இதையே உரைகல்லாகக் காட்டினார். பெண்கள் இடம் பார்த்தே அமர்வர். அவர்கள் குறைந்தால் அங்கே ஏதோ கோளாறு. போதைப்பொருள் விற்போரின் புகலிடமாகியிருந்த அந்நகரின் பிரயன்ட் பூங்கா, அவரது யோசனைப்படி மறைவுகள் நீக்கப்பட்டு, நகர்த்தி அமரும் நாற்காலிகளுடன் 1992இல் மீண்டும் திறக்கப்பட்டது. பெண்களும் திரும்பி வந்தனர்.

நம் நாட்டிலும் 1859இல் காலிமுகத்திடல் நடைபாதையை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக அதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கல்லிலேயே கேட்டுக்கொண்டார்.

பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு வரும் ஒரு தாய், பஸ் வரும்வரை பிள்ளையோடு அச்சமின்றி அமர முடியுமா? நிழல், இருக்கை, குடிநீர், கழிப்பறை உண்டா? இல்லையேல், எத்தனை பூச்செடிகள் இருந்தும் என்ன பயன்? உங்கள் ஊரில் பூங்கா அமையும்போது, இவற்றைத் திறப்பு விழாவுக்கு முன்பே கேளுங்கள்.