முப்பது லட்சம் மைல்!

ஸ்போர்ட்ஸ் கார் என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையை நீக்கி வெளியே எடுக்கும் செல்லப் பிள்ளை என்றுதானே எண்ணுகிறீர்கள்? அமெரிக்காவில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வசித்த பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன் அப்படி எண்ணவில்லை. 1966-ல் சிவப்பு வால்வோ பி-1800 எஸ் ஒன்று வாங்கினார். பள்ளிக்குப் போய்த் திரும்பத் தினமும் 125 மைல். எல்லாம் அதே காரில்தான்!

1987-ல் 10 லட்சம் மைல் ஆயிற்று. 2013-ல் அலாஸ்காவில் 30 லட்சம்! சந்திரனுக்கு ஆறு தடவை போய் வந்தாலும் மிச்சமிருக்கும் தூரம்.

மந்திரம் ஒன்றுமில்லை. தவணை தவறாமல் எண்ணெய் மாற்றுவார். சின்னச் சத்தம் கேட்டாலும் உடனே கவனிப்பார். (உங்கள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு எத்தனை மாதமாயிற்று?) எஞ்சினை முதல் தடவை பிரித்துப் புதுப்பித்ததே 6,80,000 மைல் ஓடிய பிறகுதான்.

2018-ல் கார்டன் காலமானார். அப்போது கார் 32 லட்சம் மைலைத் தாண்டியிருந்தது.