காண்டாமிருகத்துக்கு ஒரு கடன் பத்திரம்

1970-ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 65,000 இருந்த ஆப்பிரிக்கக் கறுப்புக் காண்டாமிருகங்கள், கொம்புக்காக நடந்த கள்ள வேட்டையால் 1990-களின் நடுப்பகுதியில் 2,500-க்கும் கீழே குறைந்தன. இடைவிடாத காவலின் பயனாக அந்த எண்ணிக்கை இன்று 6,000-ஐக் கடந்திருக்கிறது என்றாலும், பெண் விலங்கு சுமார் 15 மாதங்கள் கருவைச் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனுவதாலும், அடுத்த ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆவதாலும், ஒரே பருவத்தில் வேட்டைக்காரர்கள் அழித்ததை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. ஆனால் இவ்விலங்கைக் காப்பதற்கான பணமோ ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையும், குறுகியகால நன்கொடையையும், சுற்றுலாப் பயணிகளின் நுழைவுக் கட்டணத்தையும் நம்பியே வருகிறது. தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களின் செலவில் பெரும்பங்கு சுற்றுலா வருவாயிலிருந்தே கிடைப்பதால், 2020-இல் கொரோனாவால் பயணங்கள் நின்றபோது அவற்றின் நிதிநிலை கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

இந்தக் குறையைப் போக்கும் முயற்சியாக, 2022 மார்ச்சில் உலக வங்கி 15 கோடி டாலர் மதிப்பில் வனவிலங்குப் பாதுகாப்புப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. கடன் பத்திரம் என்பது, நிறுவனம் ஒன்று முதலீட்டாளரிடம் பணம் பெற்று, காலந்தோறும் வட்டி கொடுத்து, தவணை முடிந்ததும் அசலைத் திருப்பித் தருவதாக உறுதியளிக்கும் ஆவணம். இந்த ஐந்தாண்டுப் பத்திரத்தில் முதலீட்டாளருக்கு வட்டி கிடையாது. வட்டியாகப் போயிருக்க வேண்டிய தொகையிலிருந்து சுமார் ஒரு கோடி டாலர், தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்திலுள்ள அட்டோ யானைகள் தேசியப் பூங்காவுக்கும் கிரேட் ஃபிஷ் ரிவர் காப்பகத்துக்கும் செல்கிறது. தவணை முடிவில் அசலோடு, கறுப்புக் காண்டாமிருகங்கள் பெருகியிருக்கும் அளவுக்கேற்ப ஒரு வெற்றித்தொகையும் முதலீட்டாளருக்குக் கிடைக்கும். ஆண்டு வளர்ச்சி 4 விழுக்காட்டைத் தாண்டினால் முழுத் தொகை, வளர்ச்சியே இல்லையென்றால் ஒன்றும் இல்லை, இடைப்பட்ட வளர்ச்சிக்கு அதற்கேற்ற பங்கு என்பது ஏற்பாடு. எண்ணிக்கையைச் சரிபார்க்கும் பொறுப்பு லண்டன் விலங்கியல் சங்கத்திடம் தரப்பட்டது.

இதனால் தனியார் பணம் காட்டைக் காக்க வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிட முடியாது. அதிகபட்சம் 1.376 கோடி டாலர் வரையிலான வெற்றித்தொகையைத் தருவது உலகச் சுற்றுச்சூழல் நிதியம். இந்தியா உட்படப் பல நாடுகளின் அரசுகள் அளிக்கும் பங்களிப்பால் இயங்கும் அமைப்பு அது. அதாவது இறுதிச் செலவு பொதுப்பணத்தின் மேல்தான் விழுகிறது. முகமதிப்பில் 94.84 விழுக்காட்டுக்கே பத்திரம் விற்கப்பட்டதால், காண்டாமிருகம் பெருகாவிட்டாலும் முதலீட்டாளருக்குச் சிறு ஆதாயம் உண்டு. ஆயினும் முயற்சி தோற்றால் ஏற்படும் இழப்பில் பெரும்பகுதியை அவரே ஏற்கிறார். பயன் விளைந்த பின்னரே பொதுப்பணம் செலவாகிறது. இதைவிட முக்கியமானது, காவலர்களின் ரோந்துக்கும் வேலிப் பராமரிப்புக்கும் ஐந்தாண்டுகள் தடையின்றிப் பணம் வரும் என்ற உறுதி. மெதுவாகப் பெருகும் விலங்குக்குப் பெருந்தொகையைக் காட்டிலும் இந்த உறுதியே உயிர்நாடி.

இம்முறையை எல்லா உயிர்களுக்கும் நீட்டிக்க இயலாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காதுமடலில் இடப்பட்ட வெட்டுக்குறியைக் கொண்டு காண்டாமிருகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிவதால்தான் வளர்ச்சி விகிதத்தை நம்பிப் பணம் கொடுக்க முடிகிறது. இலைச்சருகுக்குள் வாழும் தவளையையோ, ஆற்றடி மீனையோ அப்படித் துல்லியமாக எண்ணிவிட முடியாது; அவற்றின் வாழிடங்களுக்கு அரசின் நேரடி ஒதுக்கீடே இன்றும் தகுந்த வழி. காண்டாமிருகத்தைக் காக்கும்போது அதன் புதர்க்காட்டில் வாழும் பிற உயிர்களும் காக்கப்படும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பயன் அந்தக் காட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது.

பத்திரத்தின் தவணை 2027 மார்ச்சில் முடிகிறது. அதன் பிறகும் கள்ள வேட்டைக்காரர்கள் வருவார்கள், காவலருக்குச் சம்பளம் தரவேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கான வழியை அரசுகளும் நிதி அமைப்புகளும் தவணை முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.