ஆறு சொன்னால்தான் வேலை! ராஃப்டிங் கைடுகளின் அதிசய வாழ்க்கை... தெரியுமா?

வருஷத்துக்கு எத்தனை பருவம்? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்களை நாம் சொல்வோம். பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் ஆற்றில் ரப்பர் படகை ஓட்டும் ராஃப்டிங் கைடுகளைக் கேட்டுப் பாருங்கள். “ஆத்துல தண்ணி எவ்வளவு?” இதுதான் அவர்களுடைய பருவம்! சம்பளம், ஊர், விடுமுறை, உயிர் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்!

கங்கைக்கு இரண்டு மாத விடுமுறை!

இந்தியாவில் ராஃப்டிங் என்றதும் நினைவுக்கு வருவது ரிஷிகேஷ்தான். அங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ராஃப்டிங்குக்குத் தடை என்பது தெரியுமா? பருவமழையில் கங்கை அப்படிப் பொங்கும்! இமாசலப் பிரதேசத்திலும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை படகுகள் கரையேறிவிடும். சரி, அந்த நாட்களில் கைடுகள் என்ன செய்வார்கள்? பலர் துடுப்பைத் தூக்கிக்கொண்டு லடாக்குக்குப் பறந்துவிடுவார்கள்! இமயமலைத் தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் லடாக்கில் மழை மிகக் குறைவு. பனி உருகி ஓடும் ஜன்ஸ்கார் ஆற்றுக்கு அப்போதுதான் சீசன்!

ஜூலையில் படகு, ஜனவரியில் நடை!

அந்த ஜன்ஸ்காரில் இன்னொரு அதிசயம் தெரியுமா? கோடையில் ராஃப்ட் சீறிப் பாயும் அதே ஆற்றின் மேல், ஜனவரி-பிப்ரவரியில் மனிதர்கள் நடந்து போகிறார்கள்! ஆற்றின் மேற்பரப்பு உறைந்து பனிப்பாதையாகிவிடும். ‘சாதர்’ என்று அதற்குப் பெயர். இரவில் குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும்! சாலை வசதி இல்லாத காலத்தில், குளிர்கால மாதங்களில் ஜன்ஸ்கார் மக்களுக்கு வெளியுலகத்துக்கான வழியே இந்த ஆறுதான்!

மழை வந்தால் மூடும் ஆறு... மழை வந்தால் திறக்கும் ஆறு!

கங்கையில் படகுகளுக்கு விடுமுறை விடும் அதே மழைதான், தெற்கே சில ஆறுகளில் ராஃப்டிங்கைத் தொடங்கி வைக்கிறது. நம்ப முடிகிறதா? குடகுப் பகுதியில் ஓடும் பாராபோலே ஆற்றிலும், கோவாவின் மாதேயி ஆற்றிலும் பருவமழை மாதங்கள்தான் ராஃப்டிங் காலம்! வடகிழக்கே அருணாசலப் பிரதேசத்தின் சியாங் ஆற்றில் நிலைமையே வேறு. பிரம்மபுத்திராவின் மேல்பகுதியான அந்தப் பேராற்றில் இறங்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். ஒரே நாடு, எத்தனை காலண்டர்!

போன வருஷத்து ஆறு இந்த வருஷம் இல்லை!

செப்டம்பரில் கங்கை மீண்டும் திறக்கும்போது கைடுகள் உடனே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! மழைவெள்ளம் பாறைகளை உருட்டிப் போட்டிருக்கும். மணல்திட்டு இடம் மாறியிருக்கும். பழகிய ரேப்பிட்டில் (ஆறு நுரைத்துச் சீறிப் பாயும் இடம்) புதிதாக ஒரு சுழல் முளைத்திருக்கும்! அதனால் முதலில் வெறும் படகில் போய் ஆற்றை மறுபடி படிக்க வேண்டும். 10 வருஷ அனுபவசாலியும் வருஷா வருஷம் மாணவர்தான்!

தண்ணீர் கூடினால் ஆபத்தும் கூடுமா?

எப்போதும் அப்படி இல்லை! நீர்மட்டம் ஏறும்போது சில ரேப்பிட்கள் பாறையோடு மூழ்கி, சுவடே இல்லாமல் போய்விடும். வேறு சில அப்போதுதான் அரக்க உருவம் எடுக்கும்! ரிஷிகேஷுக்கு மேலே ‘ரோலர் கோஸ்டர்’, ‘கோல்ஃப் கோர்ஸ்’, ‘த்ரீ ப்ளைண்ட் மைஸ்’, ‘தி வால்’ என்று ரேப்பிட்களுக்குப் பெயர்கள் உண்டு. எந்தப் பெயர் எந்த மாதத்தில் பயமுறுத்தும் என்பது கைடுகளுக்கு மனப்பாடம்!

மழை நின்ற பிறகு வரும் வெள்ளம்!

ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆறு, விக்டோரியா நீர்வீழ்ச்சியாக 108 மீட்டர் விழுந்து, குறுகிய பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. உலகின் மிக மிரட்டலான ராஃப்டிங் தலங்களில் ஒன்று இது. இங்கே மழைக்காலம் மார்ச்சில் முடிகிறது. ஆனால் வெள்ளம் உச்சத்தைத் தொடுவது ஏப்ரல் வாக்கில்! ஏன் தெரியுமா? மேலே பெய்த மழை, பரந்த சமவெளிகளில் தேங்கித் தேங்கி வந்து சேர அத்தனை வாரம் பிடிக்கிறது!

இன்னும் கேளுங்கள்! ஜாம்பேசியில் உண்மையான சாகச சீசன், தண்ணீர் இறங்கும் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரைதான். பாறைகள் தலைகாட்டினால்தானே ரேப்பிட்! அதிலும் 9-ம் எண் ரேப்பிட்டின் பெயர் ‘கமர்ஷியல் சூசைட்’! பயணிகளைக் கரையில் இறக்கி, அதைச் சுற்றி நடந்தே கூட்டிப் போகிறார்கள் கைடுகள். ஆற்றில் முதலைகளும் உண்டு! பயணம் முடிந்ததும் செங்குத்தான பள்ளத்தாக்கிலிருந்து ஏறியாக வேண்டும். சுமைதூக்கிகள் ராஃப்டையே தோளில் சுமந்து மேலே கொண்டுவந்துவிடுகிறார்கள்!

வெயிலடித்தால் சாயங்காலம் வெள்ளம்!

பனி உருகி ஓடும் ஆறு ஒரே நாளில் ஏறி இறங்கும் என்பது தெரியுமா? பகல் வெயிலில் மலையுச்சியில் உருகிய தண்ணீர், கீழே வந்து சேர மணிக்கணக்காகும். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளில், சாயங்காலமோ நடுராத்திரியோ ஆறு சத்தமில்லாமல் உயரும்! ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கும்போது கைடு என்ன செய்வார்? தண்ணீர் தொடும் இடத்தில் மணலில் ஒரு குச்சியை நட்டுவைப்பார். ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால், கட்டிவைத்த படகுகளை உடனே மேலே இழுத்தாக வேண்டும்! அத்தனை பெரிய ஆற்றை அளக்க ஒரு குச்சி!

மின்சாரம் எடுத்தால் ஓடும் ஆறு!

மகாராஷ்டிரத்தின் கோலாடில், குண்டலிகா ஆற்றில் காலையில்தான் ராஃப்டிங். காரணம்? மேலே இருக்கும் நீர்மின் நிலையம் மின்சாரம் எடுத்துவிட்டு வெளியேற்றும் தண்ணீர்தான் அங்கே அலை! தண்ணீர் வரும் சில மணி நேரத்துக்குள் படகு ஓட்டி முடித்தாக வேண்டும்!

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் காலி ஆறு இருக்கிறது. அங்கே செப்டம்பர்-அக்டோபரில் சம்மர்ஸ்வில் அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். எதற்கு? ராஃப்டிங்குக்கு! அதற்கென 1986-ல் சட்டமே வந்துவிட்டது! அந்தச் சில வார இறுதிகளுக்காகவே பல மாநிலங்களிலிருந்து கைடுகள் அங்கே வந்து குவிகிறார்கள்!

மேட்டூர் கணக்கு இங்கேயும் உண்டு!

‘மேட்டூர் அணைக்கு நீர்வரத்து 10,000 கன அடி’ என்று செய்தியில் கேட்கிறோம் இல்லையா? அமெரிக்க கைடுகள் காலையில் எழுந்ததும் பார்ப்பதும் இதே கன அடிக் கணக்கைத்தான்! விநாடிக்கு 10,000 கன அடி என்றால் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 283 டன் தண்ணீர்! ஒவ்வொரு விநாடியும் ஐம்பதுக்கும் மேற்பட்ட யானைகள் உங்களைக் கடந்து ஓடுவதற்குச் சமம்! இன்னொன்று: நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு! மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு!

பல்லைக் காப்பாற்றும் பிடி!

துடுப்பின் மேல்முனையில் ‘டி’ வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும். “எது நடந்தாலும் இதை விடாதீர்கள்!” என்று கைடு திரும்பத் திரும்பச் சொல்வார். ஏன் தெரியுமா? படகு குலுங்கும்போது கையிலிருந்து நழுவிய அந்தப் பிடி, பக்கத்தில் இருப்பவரின் வாயில் இடித்தால் பல் காலி! விரல்களால் அதன் தலையை மூடிப் பிடித்தால் போதும்.

கவிழ்ந்த படகை நிமிர்த்த எது வேண்டும்?

ஒரு நாடா! ஆமாம், இடுப்பில் சுற்றியிருக்கும் நீளமான, பட்டையான நாடாதான். கவிழ்ந்த ராஃப்டின் அடிப்பக்கத்தில் கைடு தாவி ஏறுவார். படகின் ஓரத்தில் ஓடும் கயிற்றில் நாடாவின் கொக்கியை மாட்டுவார். எதிர் விளிம்பில் நின்று உடம்பைப் பின்னால் சாய்ப்பார். அவ்வளவுதான்! எட்டுப் பேர் உட்காரும் படகு அவர் தலைக்கு மேலே எழும்பித் திரும்பும். அவர் தண்ணீருக்குள் போய், வெளியே வந்து, படகில் ஏறி, அடுத்த நொடியே ஆட்களை எண்ண ஆரம்பிப்பார்!

விழுந்தால் எழுந்து நிற்காதீர்கள்!

இடுப்பளவு தண்ணீர்தானே என்று நிற்கத் தோன்றும். அதுதான் பெரிய ஆபத்து! கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் வேகம் ஆளை முகம் குப்புறச் சாய்த்துவிடும். மல்லாந்து படுத்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். கரையிலிருந்து கயிற்றுப் பை பறந்து வரும்! விசில் ஒருமுறை ஊதினால் ‘என்னைக் கவனி’, மூன்று முறை ஊதினால் ‘ஆபத்து’! பனிக்கால நீர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏனென்றால் குளிர்ந்த நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நம் உடல் வெப்பத்தைப் பறிக்கிறது!

ஒற்றைக் கைத் தலைவரின் 99 நாட்கள்!

அமெரிக்காவின் கொலராடோ ஆறு, கிராண்ட் கேன்யனுக்குள் மட்டும் 446 கிலோமீட்டர் ஓடுகிறது! 1869-ல் ஜான் வெஸ்லி பவல் 10 பேராக, 4 படகுகளில் இந்தப் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய நீண்ட ஆற்றுப் பயணத்தைத் தொடங்கினார். போரில் வலது கையை இழந்தவர் அவர்! 99 நாட்கள் கழித்துப் பயணத்தை முடித்தவர்கள் 6 பேர் மட்டுமே. மிஞ்சிய படகுகள் இரண்டே இரண்டு!

1983-ல் அங்கே பெருவெள்ளம். மூன்று கைடுகள் ‘எமரால்ட் மைல்’ என்ற மரப்படகில், துடுப்பை மட்டுமே நம்பி, அந்த 446 கிலோமீட்டரையும் 36 மணி 38 நிமிடங்களில் கடந்தார்கள்! சாதாரணமாகத் துடுப்புப் படகில் இரண்டு வாரம் ஆகும் பயணம் அது!

அங்கே கைடுகளின் இன்னொரு வேலை தெரியுமா? பயணிகளின் மலக்கழிவு முழுவதையும் பெட்டியில் அடைத்து, படகிலேயே ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டும். கரையில் ஒரு துளிகூட விடக் கூடாது!

வருஷத்துக்கு இரண்டு கோடை!

வட அரைக்கோளத்தில் பனி கொட்டும் டிசம்பரில் நியூசிலாந்தில் கோடை. அதனால் சில கைடுகள் பூமியின் மேலும் கீழுமாகப் பறந்து, குளிர்காலத்தையே பார்க்காமல் வாழ்கிறார்கள்! நியூசிலாந்தின் கைடுனா ஆற்றில் 7 மீட்டர் உயர டுட்டியா அருவியிலிருந்து பயணிகளோடு ராஃப்ட் அப்படியே விழும்! “குனி!” என்று கைடு கத்தியதும் எல்லோரும் படகுக்குள் பதுங்க வேண்டும்.

படமும் பயணமும் நட்பும்!

இலங்கையின் கித்துல்கலவில் களனி கங்கையில் ராஃப்டிங் போகிறார்களே, 1957-ல் வெளிவந்து 7 ஆஸ்கர் வென்ற ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் பாலம் எழுந்தது அந்த ஊரில்தான்! எவரெஸ்ட் வென்ற எட்மண்ட் ஹிலாரி 1977-ல் கங்கைசாகரிலிருந்து ஜெட் படகுகளில் கங்கையை எதிர்த்து ஏறினார். அவரைத் தடுத்து நிறுத்தியது எது? நந்தபிரயாகை அருகே ஓர் அருவி! பனிப்போரின் கடைசிக் கட்டத்தில், 1989-ல், அமெரிக்கரும் சோவியத் நாட்டவரும் சைபீரியாவின் சுயா ஆற்றில் ஒன்றாகத் துடுப்புப் போட்டார்கள் என்பதும் தெரியுமா?

சிறந்த கைடு யார்?

ரேப்பிட்களின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்றில் சிற்றலை. ஆறில் உயிருக்கே உத்தரவாதம் இல்லை! அப்படியானால் ஆறில் இறங்குபவர்தான் சிறந்த கைடா? கிடையாது! நீரின் நிறத்தையும் இரைச்சலையும் நேற்றைய மழையையும் பார்த்து, “இன்னைக்கு வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்தவர்தான் சிறந்த கைடு. அன்றைய வருமானம் போனாலும் சொல்வார்! நீங்கள் ராஃப்டிங் போகும் நாளில் உங்கள் கைடு அப்படிச் சொன்னால் தயவுசெய்து வாதாடாதீர்கள். இன்னொரு நாள் வரச் சொல்லி உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் அவர்!