காலமறிந்து வாங்குவோம்

ஜப்பானியர் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட 'கிரான் டூரிஸ்மோ 7' என்னும் கார்ப் பந்தய விளையாட்டில் பழம்புகழ் வாய்ந்த கார்களை விற்கும் கடை ஒன்றுண்டு. உலகச் சந்தை நிலவரத்தை ஒட்டியே அங்கு விலை அமையும். மெக்லாரன் எஃப்1 போன்றவை 'கிரெடிட்' என்னும் விளையாட்டுப் பணத்தில் 10 மில்லியனுக்கும் மேற்பட்டவை.

ஒவ்வொரு காரும் சில நாள்களே அங்கு நிற்கும். இருப்புக் குறைந்ததென்ற அறிவிப்புத் தோன்றினால் விரைவில் மறையும். கண்டவற்றையெல்லாம் வாங்கியோர் அன்று கையைப் பிசைவர். பந்தயங்களில் வென்று சேமித்தோரே பெறுவர்.

மெய்ப்பணம் செலுத்தியும் கிரெடிட் பெறலாம். ஆயினும், பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டியதை அதற்குக் கேட்டல் தகாதென்றே நாம் கூறுவோம். தவறிய கார் பின்னொரு நாள் மீண்டும் வரும். செலவழிந்த சம்பளம் வாராது. ஆதலின், சேமித்துக் காத்திருக்கக் கற்போமாக!