கொடுவா மீன் வளர்ப்பு

கழிமுகங்களிலும் கடலோரங்களிலும் வாழும் கொடுவா, தமிழகக் கடற்கரையோர மக்கள் விரும்பி உண்ணும் மீன்களுள் ஒன்று. நன்னீர், உவர்நீர், கடல்நீர் ஆகிய மூன்றிலும் வாழவல்லது இம்மீன். ஆதலால் குளங்களிலும் மிதவைக் கூண்டுகளிலும் வளர்ப்பதற்கு ஏற்றது. எனினும், குஞ்சுகளைப் பிழைக்க வைப்பதும் தாய்மீன்களை உருவாக்குவதும் வளர்ப்போர்க்கு அரிய பணிகளாகவே உள்ளன.

பிழைத்தலும் வளர்தலும்

முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி, தன் உடலோடு ஒட்டிய கருவுணவைக் கொண்டு ஓரிரு நாள்கள் வாழும். அது தீரும் வேளையில் வாய் திறக்கும். அப்போது ரொட்டிஃபர் என்னும் நுண்விலங்கும், பின்னர் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரும் இரையாக அளிக்கப்படும். உரிய காலத்தில் இரை கிட்டாவிடில் குஞ்சுகள் பெருமளவில் மடிந்துவிடும்.

அடுத்து வரும் இடர், தன்னினத்தையே விழுங்கும் இயல்பாகும். ஒரே நாளில் பிறந்த குஞ்சுகளும் ஒரே அளவில் வளர்வதில்லை. விரைந்து வளர்ந்தது, தன் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட நீளமுடைய மற்றொன்றையும் விழுங்கிவிடும். இதனைத் தவிர்க்கச் சில நாள்களுக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரித்துத் தனித்தனித் தொட்டிகளில் விடுவர். தரம் பிரித்தல் எனப்படும் இப்பணி தவறினால், நோய் இல்லாத தொட்டியிலும் குஞ்சுகளின் எண்ணிக்கை நாளும் குறையும்.

பால் மாற்றம்

கொடுவா பொதுவாக முதலில் ஆணாக முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டுகள் வளர்ந்து எடை கூடிய பின்னரே பெண்ணாக மாறுகிறது. களவா மீன்களிலோ பெரும்பாலும் பெண்ணே பின்னர் ஆணாகிறது. ஓராண்டளவில் விற்பனைக்குப் பிடிக்கப்படும் வளர்ப்புக் கொடுவா, பெண்மைப் பருவத்தை எட்டுவதே இல்லை. எனவே, முட்டைக்காகச் சில மீன்களைத் தேர்ந்து, பல ஆண்டுகள் இரையிட்டுப் பேணுதல் வேண்டும். முதிர்ந்த பெண்மீன் ஒரே பருவத்தில் பல இலட்சம் முட்டைகள் இடும்.

சென்னையில் 1987ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997ஆம் ஆண்டில் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டது. முதிர்ந்த மீன்களுக்கு இயக்குநீர் ஊசி செலுத்தி முட்டையிடத் தூண்டுவது இம்முறையின் சிறப்பு. இதனால் கடலில் குஞ்சு பிடித்து வளர்க்கும் தேவை குறைந்தது.

இயற்கையில் வாழும் கொடுவாவிற்கும் இவ்வுண்மை பொருந்தும். பெரிய மீன்களையே தொடர்ந்து பிடித்தால், கடலில் ஆண்மீன்கள் மிகுந்து தாய்மீன்கள் அருகிவிடும். பெருமீன்களுள் சிலவற்றை விட்டுவைப்பதே அவ்வினத்தின் தொடர்ச்சிக்கு அடிப்படையாகும்.